ராணுவ ஆய்வில் பிறந்த லேசர், ஒளியியல் கண்டுபிடிப்புகளில் உங்களை மிகவும் கவர்ந்தது எது? அதனால் சாதாரண மக்களுக்குப் பயன் உண்டா?

லேசரைக் கொண்டு வானத்தில் செயற்கையாக ஒரு நட்சத்திரத்தை உண்டாக்கும் நுட்பம். என்னைக் கேட்டால் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். குண்டுக்கு வழிகாட்டும் லேசர், ஏவுகணையைச் சுடும் லேசர் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் இயற்பியல் ஆசிரியன். இரவில் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவன். அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

நட்சத்திரம் மினுக்குவது கண்ணுக்கு அழகு. தொலைநோக்கியில் பார்ப்பவருக்கோ அது தீராத தொல்லை. வியாழனைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதன் பட்டைகள் ஓடும் நீருக்கு அடியில் கிடக்கும் காசைப் போல நெளியும். ஒரு கணம் தெளியும். கண்ணை ஊன்றுவதற்குள் மறுபடி கலங்கிவிடும். சூடும் குளிருமாகக் கலந்து அலையும் காற்று, வரும் ஒளியைக் கோணலாக்கிவிடுவதே காரணம். இதனால் 5 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கிகூட ஒளியை அதிகம் சேர்க்குமே தவிர, நுணுக்கம் காட்டுவதில் சில அங்குலத் தொலைநோக்கியைத் தாண்டாது. 1953-இல் ஹோரஸ் பாப்காக் என்ற வானியலாளர் ஒரு வழி சொன்னார்: ஒளி எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்து, அதற்கு நேரெதிராக ஒரு பரப்பை உடனுக்குடன் வளைத்தால் கோணல் நேராகிவிடும். இதைத்தான் இன்று அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்கிறோம். யோசனை இருந்தது, அதைச் செய்து காட்டும் கருவிகள் அன்று இல்லை.

பணம் ராணுவத்திடமிருந்து வந்தது. சோவியத் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்தே தெளிவாகப் படம் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப்படையின் தேவை. 1960-களின் பிற்பகுதியில் இந்தச் சிக்கல் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கே ரோலண்ட் ஷாக் உருவாக்கிய உணர்வியை நான் மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டாத ஆண்டே இல்லை. கட்டம் கட்டமாக அடுக்கிய மிகச் சிறிய வில்லைகள். ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியை ஒரு புள்ளியாகக் குவிக்கும். ஒளி கோணாமல் வந்தால் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். கோணலாக வந்தால் ஒவ்வொரு புள்ளியும் சற்றே இடம் மாறும். எந்தப் புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தாலே அந்த இடத்தில் ஒளி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். இவ்வளவு எளிமையான ஒன்று இவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

அளந்தபின் வளைக்க வேண்டுமே. மெல்லிய கண்ணாடியின் முதுகில் மின்னழுத்தம் கொடுத்தால் இம்மியளவு நீண்டு சுருங்கும் ஆக்சுவேட்டர்களைப் பொருத்தினார்கள். ஹவாயின் ஹாலேயாகாலா மலையிலுள்ள 1.6 மீட்டர் தொலைநோக்கியில் 1982-இல் நிறுவிய அமைப்பில் இப்படி 168 இருந்தன. நொடிக்குப் பல நூறு முறை அளவெடுத்துத் திருத்துவது அதன் வேலை.

ஆனாலும் ஒரு முட்டுக்கட்டை. காற்றை அளக்க, பார்க்கும் இடத்துக்கு மிக அருகில் பிரகாசமான ஒளிப்புள்ளி ஒன்று வேண்டும். வானத்தின் பெரும்பகுதியில் அப்படி எதுவும் கிடையாது. விண்ணில் விரையும் இலக்கின் மீது லேசர் பாய்ச்ச நினைத்தவர்களுக்கு இன்னொரு சங்கடம்: கதிர் போய்ச் சேர்வதற்குள் இலக்கு நகர்ந்துவிடும். ஆகவே சற்று முன்னால் குறிவைக்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பது வெற்று வானம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஆலோசனை சொல்லும் ஜேசன் என்ற விஞ்ஞானிகள் குழுவின் 1982 கோடைக் கூட்டத்தில் வில்லியம் ஹாப்பர் இதற்கு விடை சொன்னார். ஏறக்குறைய 90 கிலோமீட்டர் உயரத்தில், எரிகற்கள் விட்டுச் சென்ற சோடியம் அணுக்கள் மெல்லிய அடுக்காகப் பரவியிருக்கின்றன. 589 நானோமீட்டர் அலைநீள மஞ்சள் லேசரைப் பாய்ச்சினால் அவை அதே நிறத்தில் ஒளிரும். நட்சத்திரம் இல்லாத இடத்தில் நாமே ஒன்றை ஏற்றிவைக்கலாம்! அடுத்த ஆண்டே அதிபர் ரீகன் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். லேசர் நட்சத்திரம் ரகசியப் பட்டியலுக்குள் போய்விட்டது.

நியூ மெக்சிகோவில் கிர்ட்லாண்ட் விமானப்படைத் தளத்தின் ஸ்டார்ஃபயர் ஆய்வகத்தில் ராபர்ட் ஃபியூகேட் குழுவினர் வேறொரு முறையைக் கையாண்டார்கள். சோடியம் வரை போகாமல், சில கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் லேசர் ஒளியையே புள்ளியாகக் கொண்டார்கள். 1989-இல் 1.5 மீட்டர் தொலைநோக்கியில் அதைக் கொண்டு படங்களை உடனுக்குடன் திருத்திக் காட்டினார்கள்.

இதற்கிடையில் 1985-இல் ரெனோ ஃபுவா, அந்துவான் லபேரி என்ற பிரெஞ்சு வானியலாளர்கள் இருவர் இதே யோசனையைத் தாங்களாகவே கண்டடைந்து வெளிப்படையாக வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் விடையை முன்பே கையில் வைத்திருந்தவர்கள் வாய் திறக்க முடியவில்லை. 1987-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் ஹவாயின் மௌனா கேயா மலையிலிருந்து சோடியம் நட்சத்திரத்தை உண்டாக்கி அறிவித்தார்கள். ராணுவ ஆய்வகங்களில் ஏற்கெனவே நடந்து முடிந்த வேலையை, வெளியில் இருந்தவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். 1991 மே மாதம், சியாட்டிலில் நடந்த அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில்தான் ஃபியூகேட் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். ரகசியத்தை விலக்கும்படி உள்ளிருந்தே வாதாடியவர்களில் அவரும் ஒருவர். நுட்பத்தைச் செய்து காட்டியதற்குச் சமமாக அதற்காகவும் அவரை நான் மதிக்கிறேன்.

கதவு திறந்ததும் வேலை வேகம் பிடித்தது. கலிபோர்னியாவின் லிக் வான்காணகத்தில் 1996-இல் சோடியம் லேசர் வேலை செய்தது. 2004 முதல் ஹவாயிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியில். நம் பால்வெளியின் மையத்தைச் சுற்றும் நட்சத்திரங்களை அதன் உதவியோடு தெளிவாகத் தொடர்ந்தவர் அமெரிக்க வானியலாளர் ஆண்ட்ரியா கெஸ். அங்கே 40 லட்சம் சூரியன்களின் நிறை ஒரு சிறு இடத்தில் அடங்கியிருப்பதைக் காட்டியதற்காக ஜெர்மன் வானியலாளர் ரைன்ஹார்ட் கென்செலும் அவரும் 2020 இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்கள். புனேயிலுள்ள அயூகா வானியல் நிறுவனமும் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து, லேசர் நட்சத்திரத்தோடு தானாகவே இயங்கும் ரோபோ-ஏஓ (ஏஓ என்பது அடாப்டிவ் ஆப்டிக்ஸ்) கருவியைச் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

சாதாரண மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணைப் பாருங்கள். ஷாக்கின் அதே வில்லைக் கட்டத்தை 1994-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மனிதக் கண்ணை அளக்கத் திருப்பினார்கள். 1997-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸ் குழுவினர் வளையும் கண்ணாடியையும் சேர்த்து, உயிருள்ள மனிதரின் விழித்திரையில் தனித்தனிச் செல்களைப் படம் எடுத்தார்கள். இன்று நம் ஊர்க் கண் மருத்துவமனையில் அலைமுக அளவீட்டின்படி, அதாவது ஒளியின் கோணலை அளந்து, பார்வையைத் திருத்தும் லேசிக் சிகிச்சை என்று சொன்னால், பல கருவிகளில் உங்கள் கண்ணிலிருந்து திரும்பும் ஒளியை அளப்பது அந்த வில்லைக் கட்டம்தான். சோவியத் செயற்கைக்கோளை உளவு பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது அது.

ரகசியம் விலகிய பிறகும் ராணுவத் தொடர்பு உடனே விடுபட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் அமெரிக்க வான்காணகங்கள் லேசரைப் பாய்ச்சும் முன், பார்க்கப்போகும் இலக்குகளின் பட்டியலை ராணுவத்தின் லேசர் அனுமதிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. செயற்கைக்கோள்கள் மீது கதிர் படாமல் இருக்க, எப்போது அணைக்க வேண்டும் என்ற நேரங்கள் அங்கிருந்து வந்தன. அந்த நேரத்தில் வானியலாளர்கள் லேசரை மூடிவிட்டுக் காத்திருந்தார்கள்.