விலைச்சீட்டில் எழுதாத விலை: காதல் பரிசுகள் பற்றிக் கேள்வி பதில்

காதலர் தினத்துக்கும் கல்யாண நாளுக்கும் நாம் வாங்கித் தரும் பொருள்களுக்குப் பின்னால் யாருடைய உழைப்பு போகிறது, எந்த ஊர்த் தண்ணீர் போகிறது என்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் ஆரணிப் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர், தோல் கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேதியியலாளர்.

கேள்வி (ஆம்பூர், கல்லூரி மாணவர்): மேடம், தோழிக்கு லெதர் ஹேண்ட்பேக் வாங்கித் தர ஆசை. எங்கப்பாவே ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறார். ஆனால் வகுப்பில் ஒருத்தன், "லெதர் வாங்குறவன் பாலாற்றைக் கொன்னவன்" என்கிறான். வாங்கலாமா, கூடாதா?

பதில்: வாங்குங்கள் தம்பி. உங்கள் கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த நண்பரிடமும் சொல்லுங்கள். ஆனால் அவர் சொல்வது வெறும் பேச்சு இல்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டித்தான் டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. அப்புறம் முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும், பிறகு அமிலம், பிறகு குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் போகும். உள்ளே போகும் பச்சைத் தோலின் எடையில் கால்வாசி தோலாக வெளியே வந்தாலே அதிகம். மிச்சமெல்லாம் கொழுப்பு, முடி, சவ்வு, சேறு.

எல்லோரும் குரோமியத்தைத்தான் திட்டுவார்கள். டிரம்மில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தோல் பிடிப்பதில்லை, அது கழிவுநீரோடு போகும் என்பது உண்மை. ஆனால் அதைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் வழி சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் எப்போதோ வந்துவிட்டது. எங்களை ஆய்வகத்தில் தூங்கவிடாமல் செய்தது உப்புதான். குரோமியத்தைச் சேறாகப் படிய வைக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பு எதிலும் படியாது. சவ்வு வைத்து வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக எடுத்தால் அந்த உப்பை எங்கே கொட்டுவது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் அது மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. பழைய காலத்தில் ஆற்றில் விட்ட உப்பு இன்னும் கிணறுகளில் இருக்கிறது.

பை வாங்கும்போது ஒன்று பாருங்கள்: பத்து வருஷம் தாங்குமா? ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் கிடைத்தால் நல்லது. குரோமியம் அதில் கிடையாது. ஆனால் பச்சைத் தோலில் போட்ட உப்பு அதற்கும் உண்டு, அதனால் "இயற்கை" என்ற சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கேள்வி (வாணியம்பாடி, விவசாயி): அம்மா, பரிசு பற்றி எனக்கொன்றும் தெரியாது. எங்க தாத்தா காலத்தில் இனிப்பா இருந்த கிணறு இப்போ வாயில் வைக்க முடியவில்லை. நஷ்டஈடு வரும் என்று சொல்லிச் சொல்லியே எங்கப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அது என்னதான் ஆச்சு?

பதில்: ஐயா, இந்தப் பக்கத்தின் தலைப்புக்கே உங்கள் கேள்விதான் பொருத்தம். தோல் பட்டறைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு அது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் டெல்லியிலும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் தேர்வு எழுதுகிறார்கள். தோல் பட்டறைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

நஷ்டஈட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் வைத்தார்கள். 2001-ல் அது 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று சொன்னது. தலைக்கு வகுத்துப் பாருங்கள், பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு போர்வெல் போடப் பத்தாது. அதன் பிறகும் மாசு நிற்கவில்லை, வழக்கும் நிற்கவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னது: விடுபட்டவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும், கண்காணிக்கக் குழு அமைக்கட்டும் என்று. உங்கள் அப்பா பெயர் பழைய பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள். பட்டா, வாரிசுச் சான்று நகல்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி (பேரணாம்பட்டு, இல்லத்தரசி): அக்கா, நான் வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பகுதி தைக்கிறேன். ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார், வாரக் கடைசியில் எண்ணி எடுத்துப் போவார். அந்த ஷூ என்ன விலைக்குப் போகும்?

பதில்: நம் பகுதியில் உங்களைப் போல வீட்டில் தைக்கும் பெண்களைப் பற்றி 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு ஜோடி தைக்கக் கிடைத்த கூலி பத்து பென்ஸுக்கும் குறைவு. அன்றைய மதிப்பில் பத்து ரூபாய்க்குள். அதே ஷூ பிரிட்டன் கடைகளில் 40 பவுண்டுக்கு மேல், அதாவது நம் காசில் மூவாயிரத்தைந்நூறைத் தாண்டி. தடித்த தோலில் ஊசி இழுத்து விரல் வெடிப்பதற்கும், கழுத்து வலிக்கும், கண் மங்குவதற்கும் அந்தக் கூலியில் இடமில்லை. கம்பெனிக்குள் உட்கார்ந்து தைப்பவருக்குப் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. அதே தையலை வாசல் திண்ணையில் போட்டால் கிடையாது. வேலையை வெளியே அனுப்புவதே பெரும்பாலும் அதற்காகத்தான்.

எத்தனை ஜோடி, எந்தத் தேதி, என்ன கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெருவில் தைக்கும் மற்றவர்களையும் எழுதச் சொல்லுங்கள். கூலி பேச உட்காரும் அன்று அந்த நோட்டுதான் பேசும்.

கேள்வி (சத்துவாச்சாரி): இதற்கெல்லாம் மாற்று வீகன் லெதர்தானே மேடம்?

பதில்: கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் துணிமேல் பூசிய பிளாஸ்டிக். மாடு தப்பியது, சரி. இரண்டு மழைக்காலத்தில் தோல் உரிந்து குப்பைக்குப் போகும் பை மண்ணில் மட்காது.

கேள்வி (ஜோலார்பேட்டை, ரயில்வே ஊழியர்): நிச்சயதார்த்தத்துக்கு அரைப் பவுனில் மோதிரம் போடலாம் என்று இருக்கிறேன். தங்கம் சுத்தமான பொருள்தானே? அதில் என்ன பாதகம்?

பதில்: உங்கள் ஊரிலிருந்து பெங்களூரு பாதையில் போனால் பங்காருப்பேட்டையில் ஒரு கிளைப்பாதை பிரியும். அது மாரிக்குப்பம் போகும். கோலார் தங்கவயல். அங்கே இறங்கி வேலை செய்தவர்களில் நம் வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்கள் எத்தனையோ. நிலம் இல்லாமல், சாதிக் கொடுமை தாங்காமல் போனவர்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், பாறையே சுடும் வெப்பம், திடீரென்று பாறை வெடித்துச் சிதறும் ஆபத்து. தப்பித்து மேலே வந்தவர்கள் பலருக்கும் நுரையீரலில் கல்தூசி.

ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் இருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும்போது டன்னுக்கு மூன்று கிராம் சுமார். உங்கள் அரைப் பவுன் நான்கு கிராம். அந்தக் கடைசிக் காலக் கணக்கில், ஒரு மோதிரத்துக்கு ஒன்றேகால் டன்னுக்கு மேல் பாறையை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு நீரில் ஊற வைக்க வேண்டும். தங்கம் பம்பாய்க்கும் லண்டனுக்கும் போனது. மாவு ஊரிலேயே மலையாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது, வேலையோ திரும்பி வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய் இரவு வீடு திரும்புகிறார்கள். அவர்களை உங்கள் வேலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இப்போது நாம் வாங்குவது அநேகமாக இறக்குமதித் தங்கம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சிறு அளவில் தோண்டுகிறவர்கள் பாதரசத்தைக் கலந்து தங்கத்தைப் பிடிக்கிறார்கள், பிறகு அடுப்பில் வைத்துப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள். உலகில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் முதலிடம் இதற்குத்தான், நிலக்கரிக்குக்கூட அடுத்த இடம். அந்த ஆவி நரம்பைத் தாக்கும். வீட்டுக்குள் வைத்துக் காய்ச்சினால் முதலில் பிள்ளைகளைத் தாக்கும்.

ஹால்மார்க் இருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அது தரத்துக்கான முத்திரை, பிறந்த ஊருக்கானது இல்லை. வீட்டில் நெளிந்த கம்மலோ அறுந்த சங்கிலியோ இருந்தால் அதை உருக்கி மோதிரம் செய்யச் சொல்லுங்கள். சேதாரம், செய்கூலியில் கொஞ்சம் கறாராக நில்லுங்கள். புதுச் சுரங்கம் எதுவும் வேண்டியதில்லை, பாட்டி கம்மல் என்றால் பெண் வீட்டிலும் மதிப்பு.

கேள்வி (காட்பாடி, மென்பொருள் துறை): வைரம் வேண்டாம் என்று எனக்கே தெரியும், இரத்த வைரம் பற்றிப் படித்திருக்கிறேன். கிம்பர்லி சான்றிதழ் இருந்தால் பயமில்லை என்கிறார் கடைக்காரர். ஆய்வக வைரம் எப்படி?

பதில்: 2003-ல் தொடங்கிய அந்தச் சான்றிதழ், கலகப் படைகள் அரசை எதிர்த்துப் போரிட விற்கும் கல்லை மட்டுமே தடுக்கிறது. அரசின் படையே சுட்டால்? ஜிம்பாப்வேயின் மராங்கேயில் 2008-ல் ராணுவம் தோண்டிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டது. அந்தக் கல் இந்த வரையறைக்குள் வராது. பட்டை தீட்டும் கூலி பற்றிச் சான்றிதழில் ஒரு வரி கிடையாது. உலக வைரங்களில் எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்பது சூரத்தில் தீட்டப்படுகின்றன. அங்கே கல் கணக்கில்தான் கூலி, சந்தை படுத்தால் மறுநாளே வேலை இல்லை.

ஆய்வக வைரத்துக்கு யாரும் குழிக்குள் இறங்க வேண்டாம், அந்த அளவுக்கு நிம்மதி. மின்சாரம் நிறையத் தின்னும். நம் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. இரண்டில் ஒன்று என்றால் நான் ஆய்வகக் கல்லைச் சொல்வேன். கல்லே இல்லாத மோதிரத்தையும் சொல்வேன், என்னை யார் கேட்கிறார்கள்.

கேள்வி (வேலூர், பூக்கடைக்காரர்): அக்கா, பிப்ரவரி மாசம்தான் எங்களுக்கு நாலு காசு. ரோஜாவைப் பற்றி ஏதாவது சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துடாதீங்க!

பதில்: கெடுக்க மாட்டேன் அண்ணா. உங்களிடம் வரும் காம்பு நீண்ட சிவப்பு ரோஜா பெரும்பாலும் ஓசூர், பாகலூர், பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வருகிறது. ஒரே தேதிக்குக் குறையில்லாத பூ வேண்டும் என்றால் மருந்து அடிக்காமல் முடியாது. சாப்பிடும் காய்க்கு மருந்து எச்சத்தில் வரம்பு உண்டு, முகரும் பூவுக்கு ஐரோப்பாவில்கூட அப்படி ஒரு வரம்பு இல்லை. பெல்ஜியத்தில் பூங்கொத்துகளைச் சோதித்தபோது அதிக எச்சம் ரோஜாவில்தான். பூக்காரர்களின் கையுறையிலும் இருந்தது. குடிலுக்குள் மருந்து அடித்த பிறகு நுழைந்து பறிக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். நீங்களும் முள் நீக்கும்போது கையுறை போடுங்கள், அந்தக் கையோடு டீ குடிக்காதீர்கள்.

தூரத்திலிருந்து வந்தால் கெடுதல், பக்கத்துப் பூ நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. அது எப்போதும் சரியில்லை. 2007-ல் இங்கிலாந்தில் போட்ட ஒரு கணக்கில், கென்யாவிலிருந்து விமானத்தில் வந்த 12,000 ரோஜாவுக்கு ஆறு டன் கார்பன் டை ஆக்சைடு. பக்கத்து நெதர்லாந்தில் எரிவாயு எரித்துச் சூடேற்றிய குடிலில் வளர்ந்த அதே அளவு ரோஜாவுக்கு முப்பத்தைந்து டன். நம் ஊரில் சூடேற்றும் அவசியம் யாருக்கு? இந்தக் கணக்கில் உங்கள் கடைப் பூ தப்பித்தது.

கேள்வி (ஆற்காடு, பள்ளி ஆசிரியை): சாக்லேட்டில் குழந்தை உழைப்பு இருக்கிறது என்று பாடம் நடத்தினேன். "நம்ம நாட்டு சாக்லேட்டிலுமா மிஸ்?" என்று ஒரு பையன் மடக்கிவிட்டான்.

பதில்: கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. 2018-19 பருவத்தில் எடுத்த ஆய்வு, அங்கே கோகோத் தோட்டங்களில் உழைக்கும் குழந்தைகள் 15.6 லட்சம் என்றது. இதன் மோசமான வடிவங்களை 2005-க்குள் ஒழிப்போம் என்று பெரிய கம்பெனிகள் 2001-லேயே கையெழுத்துப் போட்டிருந்தன. நம் நாட்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் கோகோ விளைகிறது. தேவைக்குப் போதாமல் இறக்குமதியும் ஆகிறது, ஒரே கட்டியில் இரண்டும் கலந்திருக்கலாம். தோட்டத்தின் பெயரைப் போட்டு விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் இப்போது பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறார்கள், விலைதான் கூட. பையனிடம் உறையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அவன் சாப்பிடுவதில் சாக்லேட்டே குறைவு.

கேள்வி (ஆரணி): கல்யாண நாளுக்கு மனைவிக்குப் பட்டு எடுக்கிறேன். எங்க ஊர்ப் பட்டு. அதிலும் குறை சொல்வீர்களா?

பதில்: ஒரு புடவைக்குச் சில ஆயிரம் கூடுகளைப் புழுவோடு வேக வைக்கிறார்கள், அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் மனது. கூட்டிலிருந்து நூல் எடுப்பவர்களின் கை வெந்நீரிலேயே ஊறிப் புண்ணாகும். முன்பணத்துக்காகப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த காலமும் இருந்தது. இப்போது ஆரணியில் பெரிய கவலை வேறு: பிள்ளைகளே தறிப் பக்கம் வருவதில்லை. நெய்தவரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ எடுங்கள், நெய்த கூலி என்ன என்று கேளுங்கள். பாதி விலைக்குப் பட்டு என்று யாராவது சொன்னால் அது பட்டாக இருக்காது, அல்லது கூலியாக இருக்காது.

கேள்வி (வாலாஜா): டெடி பொம்மை?

பதில்: பாலியெஸ்டர் மூட்டை. குழந்தை இருக்கிற வீடு என்றால் யாருக்காவது பயன்படும்.

கேள்வி (காட்பாடி, விடுதி மாணவி): மேடம், என் கையில் 300 ரூபாய். அவனுக்குப் பிறந்தநாள். இதுவரை நீங்கள் சொன்னதில் எதுவும் மிச்சமில்லை.

பதில்: அவன் செருப்போ பையோ அறுந்து கிடந்தால் வாங்கிப் போய்த் தைத்துக் கொடும்மா, நூறு ரூபாய்க்குள் முடியும். மிச்சக் காசுக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கு. அதைப் பொரித்த எண்ணெய் எது என்று மட்டும் என்னிடம் கேட்காதே. பாமாயில் பற்றி ஆரம்பித்தால் இன்று முடிக்க மாட்டேன்.