கைப்பேசிக் கேள்விகள்: கல்யாணப் பத்திரிகையாக வந்த ஆப்

கேள்வி: போனில் மூன்று ஆன்டிவைரஸ் ஆப்கள் வைத்திருக்கிறேன். ஆனாலும் பயம் போகவில்லை. எது சிறந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

ஐயா, மூன்றையும் நீக்குங்கள், பேட்டரியாவது மிஞ்சும். ஆண்ட்ராய்டு போனில் பிளே புரொடெக்ட் என்ற காவலாளி ஏற்கெனவே இருக்கிறார். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் தென்படுவார். அவரை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் வாசலை நாமே திறந்துவிட்டால் காவலாளி என்ன செய்வார்? என் பெரியப்பாவுக்கு வாட்ஸப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரிந்தவரின் எண்தான், அவருடைய வாட்ஸப் முன்பே களவாடப்பட்டிருந்தது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். இதன் பெயருக்கு வாலாக 'ஏபிகே' என்று இருந்தது. அப்படியென்றால் அது ஆப். நிறுவலாமா என்று போன் கேட்டது. பெரியப்பா கையில் கண்ணாடி இல்லை, சரி என்று அழுத்திவிட்டார். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது, அதற்கும் சரி. அதன்பின் வங்கியின் ஓடிபி அவருக்கு மட்டுமா வரும்? மாப்பிள்ளை பெயரைத் தேடிக்கொண்டிருந்தவரிடமிருந்து போனை வாங்கி இணையத்தைத் துண்டித்தேன். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கினோம். பணம் தப்பியது. போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்திருப்போம். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

கேள்வி: கோவையில் விடுதியில் படிக்கும் மகளின் போனில், அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்பு ஆப் போடலாமா?
– ஒரு தாய், தேனி

வேண்டாம், அம்மா. அவளுடைய செய்திகளும் படங்களும் முன்பின் தெரியாதவர்களின் கணினிக்குப் போய்ச் சேரும். அவள் கண்டுபிடித்துவிட்டால், நிஜமான ஆபத்தில் உங்களை அழைக்கவே தயங்குவாள். இரவு பஸ்ஸில் வரும் நாளில் கூகுள் மேப்ஸில் இருப்பிடத்தைப் பகிரச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் என்பதை அவளே குறிக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்பும் இருக்கட்டும். என் மகளிடம் இதைச் சொன்னபோது, "நீங்களும் பகிருங்கள் அப்பா" என்று நிபந்தனை போட்டாள். நான் மூன்றாவது டீக்கு நிற்பது இப்போது வீட்டுக்குத் தெரிகிறது.

கேள்வி: பஸ்ஸில் போன் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், கரூர்

சிம்மை முடக்குங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், பிறகு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனையே தடை செய்யுங்கள். அந்த எண் போன் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டீர்களா? பில்லைத் தேடுங்கள்.