வாழ்க்கையில் சந்தோஷம் இல்லாதவர்கள்தான் பாப்புலிஸ்ட் கட்சிகளுக்கு (மேல்தட்டினருக்கு எதிராகச் சாதாரண மக்கள் சார்பில் பேசுவதாகச் சொல்லும் கட்சிகளுக்கு) ஓட்டுப் போடுகிறார்களா?

ஓரளவுக்கு ஆமாம். ஆனால் "சந்தோஷம்" என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ஆய்வாளர்கள் கேட்பது இன்றைய மனநிலையை அல்ல. "மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது, 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள்" என்பதுதான் வழக்கமான கேள்வி.

நல்ல உதாரணம், 2017 பிரான்ஸ் அதிபர் தேர்தல். முதல் சுற்றில் வலதுசாரி பாப்புலிஸ்ட் மரீன் லெ பென் சுமார் 21 சதவீதமும் இடதுசாரி பாப்புலிஸ்ட் மெலான்ஷோன் ஏறக்குறைய 20 சதவீதமும் வாங்கினார்கள். பொருளியலாளர் யான் அல்கான் குழுவினர் ஆராய்ந்தபோது, இருவரின் வாக்காளர்களிடமும் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. அந்தத் தேர்தலில் வென்ற, நடுநிலைப் பக்கத்து மக்ரோனுக்குப் போட்டவர்களிடம் அது கூடுதல். அப்படியானால் அதிருப்தியாளர்களை இரண்டாகப் பிரித்தது எது? சக மனிதர் மீதான நம்பிக்கை! அது குறைந்தவர்கள் லெ பென் பக்கம் சாய்ந்தார்கள். அந்த நம்பிக்கை இருந்தவர்கள் மெலான்ஷோன் பக்கம். எனக்கு இதில் மிகவும் சுவாரசியமான இடம் இதுதான்.

வருமானத்தை வைத்து மட்டும் இதைக் கணிக்க முடியாது. எதிர்பார்த்த வாழ்க்கைக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிதான் அதிகம் உறுத்துகிறது. அப்பா வாழ்ந்த அளவுக்குக்கூட நாம் வாழவில்லையே என்ற எண்ணம் நடுத்தர வருமானக்காரருக்கும் வரும். "உன் தப்பில்லை, மேலே இருப்பவர்கள்தான் காரணம்" என்று ஒருவர் சொன்னால் காதில் தேன் பாயாதா?

இன்னொன்று: காரணம் எதிர்த்திசையிலும் ஓடலாம். நாடே நாசமாகிவிட்டது என்று தினமும் பிரசாரம் கேட்பவருக்கு, தன் வாழ்க்கைக்குப் போடும் மதிப்பெண்ணும் குறையத்தானே செய்யும்?