டக்கோட்டா – ஒரு வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

டக்கோட்டா என்ற பழைய பயணிகள் விமானத்தைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. என் தாத்தா தேங்காய் வியாபாரம் செய்தவர், கோயமுத்தூரில் டக்கோட்டா ஏறி சென்னைக்குப் போன கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவோ, "அது சண்டையில் மிஞ்சின சரக்கு. சல்லிசாகக் கிடைத்தது, ஓட்டினார்கள். வேறொன்று கிடைத்திருந்தால் அதை ஓட்டியிருப்பார்கள்" என்கிறார். நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறீர்களோ?

அன்புள்ள நண்பருக்கு,

மாமா சொல்வதில் பாதி உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கே விட்டுப்போன டக்கோட்டாக்கள் அடிமாட்டு விலைக்குப் போயின, பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் அவற்றைச் சீராக்கிப் பயணிகள் விமானமாக மாற்றிக் கொடுத்தது, அதை நம்பித்தான் புதுப்புது விமானக் கம்பெனிகள் முளைத்தன. 1953ல் கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டக்கோட்டா. மலிவாகக் கிடைக்காமல் இது நடந்திருக்காது.

ஆனால் இந்த விமானம் சண்டைக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர்.ஸ்மித்துக்கு ராத்திரிப் பயணத்தில் ஆள் படுத்துத் தூங்குகிற மாதிரி விமானம் வேண்டியிருந்தது. டக்ளஸ் கம்பெனியிடம் கேட்டார், அவர்கள் தங்களுடைய முந்தைய விமானமான டிசி-2வின் உடம்பை அகலமாக்கி 14 படுக்கைகள் போட்டார்கள். 1935 டிசம்பர் 17 அன்று அது முதலில் பறந்தது. விஷயம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. படுக்கையை எடுத்துவிட்டு நாற்காலி போட்டால் அதே அகலத்தில் 21 பேர் உட்காரலாம். டிசி-2வில் 14 பேர்தான். ஆள் ஒன்றரை மடங்கானது, ஓட்டும் செலவு அந்த அளவுக்குக் கூடவில்லை. அதுவரை அரசாங்கம் கொடுக்கிற தபால் பணத்தை நம்பிப் பிழைத்த விமானக் கம்பெனிகள், டிக்கெட் காசிலேயே லாபம் பார்த்தது, நாம் டக்கோட்டா என்று சொல்லும் இந்த டிசி-3 வந்த பிறகுதான். அமெரிக்க ராணுவம் பிற்பாடு ஆயிரக்கணக்கில் வாங்கியதும், ஏற்கெனவே ஓடி நிரூபித்த வண்டி என்பதால்தான்.

உங்கள் தாத்தா சொகுசாகப் போயிருக்க மாட்டார். தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்திருப்பதால் பின்கதவில் ஏறி மேட்டில் நடப்பதுபோல நடந்துதான் சீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது, காது அடைக்கும். ரொம்ப உயரத்துக்கும் போக முடியாது என்பதால் மேகத்துக்கு மேலே தப்பிக்க வழியில்லை, ஆடி மாசம் நம்ம பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்றில் இந்த விமானம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்கு யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் போய்ச் சேர்ந்தது. இறக்கையின் பாரத்தை ஒரே விட்டத்தில் ஏற்றாமல் பல தடுப்புகளில் பிரித்துவிட்டிருந்தார்கள், அதனால் எத்தனை வருஷம் பறந்தாலும் லேசில் ஓய்ந்துபோகாது. மெதுவாக இறங்கும், புல்தரை போதும். காஷ்மீர் சண்டையில், 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரின் கரடுமுரடான விமானக் களத்தில் சீக்கிய ரெஜிமெண்ட் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கியது இதே டக்கோட்டாதான். உங்கள் மாமாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அதை எப்படி அவர் மறந்தார் என்றுதான் எனக்கு ஆச்சரியம். 2018ல் விமானப்படைக்கு ஒரு பழைய டக்கோட்டாவைச் சீர்செய்து பரிசாகக் கொடுத்தாரே ராஜீவ் சந்திரசேகர், அவர் அப்பா டக்கோட்டா ஓட்டிய விமானி. பரசுராமா என்று பெயர் வைத்த அந்த விமானம் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் தானே பறந்து வந்தது.

மாமாவிடம் இதையும் கேளுங்கள். அமெரிக்காவில் பாஸ்லர் என்று ஒரு கம்பெனி, பழைய டக்கோட்டாக்களை வாங்கி, உடம்பை நீட்டி, புது டர்போப்ராப் எஞ்சின் (விசிறியைச் சுழற்றும் ஜெட் வகை எஞ்சின்) மாட்டி விற்கிறது. காலில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு அவை அண்டார்டிகாவில் இறங்குகின்றன. அத்தனை செலவு செய்து, எண்பது வருஷத்துக்கு முந்தைய உடம்பைத் தேடி வாங்குகிறவர்கள் மலிவுக்காகவா வாங்குகிறார்கள்?