அனுர அரசுக்கு மூன்றில் இரண்டு பலம் இருக்கிறதே, பிறகு என்ன தடை?

"159 ஆசனம் கையில் இருந்தும் இலங்கையின் புதிய அரசு ஏன் எதையும் மாற்றவில்லை? தமிழர் விடயத்தில் அதற்கு என்னதான் தடை?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், "எதையும்" என்பது அநியாயம். 34 வருடமாகப் பூட்டிக் கிடந்த பலாலி–அச்சுவேலி வீதி 2024 நவம்பரில் திறந்தது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு மாளிகையும் சலுகையும் கொடுத்த சட்டம் 2025 செப்டெம்பரில் போனது. முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைதாவார் என்று அதற்கு முந்தைய வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். கலாநிதிப் பட்டச் சர்ச்சையில் புதிய சபாநாயகர் பதவியேற்று ஒரு மாதத்துக்குள் விலகியதை எதிர்க்கட்சிகள் பெரிய கூத்தாக்கின. எனக்கு அது ஒரு விடயமே இல்லை. விலகினார் அல்லவா, முன்பெல்லாம் யார் விலகினார்கள்?

சரி, தடை. நானும் நண்பர்களும் இதை வேறு மாதிரிப் பார்ப்போம்: எந்த வாக்குறுதிக்கு எத்தனை கை உயர வேண்டும்? நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க மூன்றில் இரண்டும் வேண்டும், அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். அது உண்மையிலேயே பெரிய வேலை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சாதாரண பெரும்பான்மை போதும். மாகாண சபைத் தேர்தலை நடத்தவும் சாதாரண பெரும்பான்மை போதும். காணி விடயத்தில் பல இடங்களில் பாராளுமன்றமே தேவையில்லை, ஓர் அமைச்சரின் கையெழுத்தோடு முடிகிற வேலை. அதாவது எங்களுக்கு முக்கியமானவை எல்லாம் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 113 பேரோடோ அதற்கும் குறைவாகவோ முடிகிற காரியங்கள். முந்தைய அரசுகள் "ஆசனம் போதாது, கூட்டணிக்காரர் விடமாட்டார்கள்" என்று தப்பின. முன்பு மூன்றே ஆசனம் வைத்திருந்த, இன்று ஆளுகிற தேசிய மக்கள் சக்திக்கு 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தல் அந்தச் சாக்கையும் பறித்துவிட்டது.

காணியில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 28-இல் ஒரு வர்த்தமானி (அரசிதழ் அறிவித்தல்) வந்தது. வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேல், அதில் பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்தில். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத காணி அரச காணி ஆகிவிடும் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருந்தால் கொண்டுபோய்க் காட்டுவதுதானே?

என் பெரியப்பாவின் காணி வடமராட்சி கிழக்கில். உறுதி அவருடைய தகப்பன் பெயரில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இன்னும் பிரித்து எழுதவில்லை. அந்த உறுதி இருந்த தகரப் பெட்டி 2004 சுனாமியோடு போய்விட்டது. பங்காளிகளில் இரண்டு பேர் கனடாவில், ஒருவர் 2009-க்குப் பிறகு எங்கே என்றே தெரியாது. காணாமல் போனவரிடம் கையெழுத்து எப்படி வாங்குவது? பிரதி எடுக்கலாம் என்றால் உறுதி இலக்கம் வேண்டும், இலக்கமும் அந்தப் பெட்டியோடுதான் போனது. வர்த்தமானியின் போட்டோக்கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "எல்லைப் பனையைக் காட்டலாம் தம்பி, உறுதிக்கு நான் எங்க போறது?"

அந்தப் பக்கத்தில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. எத்தனை இடப்பெயர்வு, எத்தனை பெட்டி! கொழும்பில் அதைத் தயாரித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடுதான் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று மாதம் என்று எழுதியபோது பக்கத்தில் வடக்கைத் தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த வரி அப்படியே போயிருக்காது. எதிர்ப்பு கிளம்பியது, வழக்குப் போனது, மே மாதக் கடைசியில் அரசே மீளப் பெறுவதாக அறிவித்தது, ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் போட்டது. நல்லது. ஆனால் காகிதம் இல்லாதவனின் காணிக்கு என்ன வழி என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. வர்த்தமானி போனது, பெரியப்பாவின் நிலைமை போகவில்லை.

அடுத்தது மாகாண சபை. வடமாகாண சபைக்கு ஒரே ஒரு தடவைதான் தேர்தல் நடந்தது, 2013 செப்டெம்பரில். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. வடக்குக்கு மட்டுமல்ல, ஒன்பது மாகாணத்துக்கும் இதே கதிதான். 2017-இல் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையாக மாற்றினார்கள், அதற்குத் தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை வேண்டும், அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. பழைய விகிதாசார முறைக்கே திரும்புவதாக ஒரு சிறு திருத்தம் கொண்டுவந்தால் முடிச்சு அவிழும்.

ஏன் செய்யவில்லை? நான் இரண்டு காரணம் பார்க்கிறேன். ஒன்று பழசு. அரசின் முதுகெலும்பான மக்கள் விடுதலை முன்னணி 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையும் அதிலிருந்து பிறந்த மாகாண சபையையும் ஆயுதம் எடுத்து எதிர்த்த கட்சி. வடக்கு–கிழக்கு இணைப்பு செல்லாது என்று 2006-இல் தீர்ப்பு வந்த வழக்குக்குப் பின்னாலும் அவர்கள்தான் இருந்தார்கள். அந்த வரலாறு ஒரு தேர்தல் வெற்றியில் கரைந்துவிடாது. இரண்டாவது, பயம். 2024 நவம்பரில் 61.56 வீதம் எடுத்தவர்கள் 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் 43.26 வீதத்துக்கு இறங்கினார்கள். வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது. 2024 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஆறில் மூன்று ஆசனம் எடுத்ததைத் தெற்கு ஊடகங்கள் பெரிய அலை என்று எழுதின. விழுந்த வாக்கில் கால்வாசிதான் அவர்களுக்கு வந்தது. மீதியைத் தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைகளும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டதால் கிடைத்த மூன்று அது. அரசுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வரும். 1979-இல் தற்காலிகச் சட்டம் என்று வந்து 1982-இல் நிரந்தரமானது. அந்தச் சட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமா உள்ளே போனார்கள்? 1980களின் கடைசியில் இதே மக்கள் விடுதலை முன்னணியின் சிங்கள இளைஞர்களையும் அதே சட்டமும் அவசரகால விதிகளும்தான் விழுங்கின. தாங்களே பட்டதை நீக்கத் தயங்குகிறார்கள். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு முஸ்லிம் இளைஞரைப் பிடித்து அடைத்ததும் இந்தச் சட்டத்தில்தான். "நீக்குகிறோம், பதிலுக்கு இன்னொன்று கொண்டுவருகிறோம்" என்கிறார்கள். அந்த "இன்னொன்று" என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்த அதே வருடம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில்தான் அரசுக்கு உண்மையான கைக்கட்டு இருக்கிறது. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் திட்டம் வந்தது. தேர்தல் மேடையில் "மீண்டும் பேசுவோம்" என்றவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதே பாதையில்தான் போகிறார்கள். மின்கட்டணத்தை 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்து, ஜூனில் 15 வீதம் கூட்டியதில் அதைப் பார்க்கலாம். இதில் நான் அவர்களைப் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன், வேறு யார் வந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

மலையகத்தை மறந்துவிடக் கூடாது. தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, அதற்கு மேல் 200 ரூபா அரசு தருவதாக 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். அதே 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், மலைநாட்டில் மண்சரிவு லயங்களையும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாரிக்கொண்டு போனது. வீடு கட்டத் தருகிறோம் என்றால் எந்தக் காணியில்? தலைமுறை தலைமுறையாக இருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம், இருந்தவர் பெயரில் ஒரு அங்குலம் இல்லை. வடக்கில் உறுதி தொலைந்த பிரச்சினை, அங்கே உறுதியே எழுதப்படாத பிரச்சினை.

ஆகவே தடை எண்ணிக்கையில் இல்லை. சிங்கள வாக்காளர் என்ன நினைப்பார் என்ற தயக்கம், பழைய கொள்கை, அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்ததில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம், இவைதான். "இனவாதத்துக்கு இடமில்லை" என்று ஜனாதிபதி பேசுவதை நான் நம்புகிறேன், அந்த மனிதர் அதை மனதாரத்தான் சொல்கிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் மாகாண சபைக்கு வேட்புமனு கோரும் அறிவித்தல் வருகிறதா என்று பார்த்துத்தான் மீதியைச் சொல்வேன்.