ஊசிகளை எடுத்து வாருங்கள், கம்பளியை அம்மாவிடம் விட்டு வாருங்கள்

தங்கைக்கு வணக்கம்.

பொங்கல் முடிந்து கோத்தகிரியிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறீர்கள். கணவருக்குப் பாமாயில் ஆலையில் வேலை. வீட்டில் ஆறு கிலோ உல்லன் நூலும், பாதியில் நிற்கும் மூன்று ஸ்வெட்டர்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா? அங்கே நூல் கிடைக்குமா? அந்த வெயிலில் ஊசியும் கையுமாக உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பின்னியதை விற்கலாமா? இவைதானே உங்கள் கேள்விகள். நான் குன்னூர்க்காரி. 2006இல் திருமணமாகி இந்த ஊருக்கு வந்தேன். அன்றைக்கு இதையெல்லாம் கேட்க எனக்கு ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பளியைக் கொண்டு வர வேண்டாம். நான் இரண்டு கிலோ கொண்டு வந்தேன். அம்மா பாதி பின்னிக் கொடுத்த அரக்குநிற ஸ்வெட்டரும் அதில் இருந்தது. எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வீடு ஒழுங்காகட்டும் என்று நான்கு மாதம் திறக்கவில்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் திறந்தேன். மேலே போட்டிருந்த துணியில் வெள்ளையாகப் பூஞ்சை. ஸ்வெட்டரைக் கையில் எடுத்து ஒரு நூலை இழுத்தேன். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வந்தது, அடுத்து இன்னொரு துண்டு. அந்துப்பூச்சி நடுவில் நடுவில் தின்றிருந்தது. அம்மா போட்ட கண்ணிகளில் ஒரு வரிசைகூட முழுதாக மிஞ்சவில்லை. உங்களுக்கு அந்த நாள் வரக்கூடாது. பாதியில் நிற்கும் மூன்றையும் ஊரிலேயே முடித்து, அங்கே உடுத்துபவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நமது மலையில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

பிரிய மனமில்லாத ஒன்றிரண்டு உருண்டைகளைக் கட்டாயம் கொண்டு வருவீர்கள், எனக்குத் தெரியும். அவற்றைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மூன்று நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்துவிட்டு, இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே கிடக்கட்டும். மாதம் ஒரு முறை நிழலில் காற்றாட விடுங்கள். இரும்புப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

ஊசிகளை அத்தனையும் கொண்டு வாருங்கள், ஆனால் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் எடுத்து வைத்துவிட்டால் போனது போனதுதான். பெரிய பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில் இருக்கட்டும். இன்னொன்று: நம் ஊர் ஊசிகளில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25. இணையத்தில் நீங்கள் பார்த்துப் பின்னப்போகும் அமெரிக்க அளவுகளில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும்; அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். இந்த வேறுபாடு தெரியாமல் நாத்தனார் மகளுக்கு இரண்டு வயது அளவில் ஒரு கவுன் பின்னினேன். முடித்தபோது அது எட்டு மாதக் குழந்தைக்குத்தான் சரியாக இருந்தது. இங்கே விற்கும் ஊசிகளில் மில்லிமீட்டரே போட்டிருக்கும். புறப்படும் முன் உங்கள் ஊசிகள் ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டர் அளவை எழுதி ஒட்டிவிடுங்கள். அலுமினிய ஊசி இங்கே கை வியர்வையில் கருப்புச் சாயம் விடும். வெளிர் நிற நூலுக்கு அது ஆகாது. எனக்குப் பருத்தி என்றால் மூங்கில் ஊசிதான். கண்ணி வழுக்காமல் நிற்கும்.

இனி நூலுக்கு வருகிறேன். சுங்கை சிப்புட்டில் தையல் கடைகளில் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) நூல் கொஞ்சம் இருக்கும், நிறம் பார்த்து வாங்க முடியாது. நான் மாதம் ஒரு முறை பக்கத்துப் பெரிய நகரமான ஈப்போ போகிறேன். கடையில் 'பெனாங் காயிட்' என்று கேளுங்கள். மலாயில் பெனாங் என்றால் நூல், ஜாரும் என்றால் ஊசி. காயிட் என்றவுடன் கொக்கி ஊசியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்; இரண்டு ஊசி வேண்டுமானால் இரு கையாலும் பின்னிக் காட்டிவிட வேண்டியதுதான். எங்கும் கிடைப்பது 'மில்க் காட்டன்' என்ற சீன நூல், 50 கிராம் உருண்டை. பருத்தியும் செயற்கை இழையும் கலந்தது. நான் கடைசியாக வாங்கியது உருண்டை மூன்று வெள்ளி. (ரிங்கிட்டை இங்கே நாம் வெள்ளி என்போம்.) சில உருண்டைகளில் சாய எண் போட்டிருக்காது. ஆகவே ஒரு சட்டைக்கு வேண்டியதை ஒரே நாளில், ஒரே கடையில், ஒன்று கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். பிறகு போனால் அதே பச்சை அதே பச்சையாக இருக்காது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பருத்தி கம்பளியைப் போல நடந்துகொள்ளாது. இழுத்தால் திரும்பிச் சுருங்காது. தன் எடையாலேயே கீழே இறங்கும். மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் அளந்து பாருங்கள். நான் 60 சென்டிமீட்டருக்குப் பின்னியது ஒரு மாதத்தில் 64 ஆகியிருக்கிறது. வழக்கத்தைவிட ஒரு அளவு மெல்லிய ஊசி, கொஞ்சம் குட்டையான உயரம் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

இவ்வளவும் யாருக்குப் பின்ன என்று நினைப்பீர்கள். பகலில் 32, 33 டிகிரி, இரவில் 23, 24. மார்கழியிலும் அதேதான். ஆனால் குளிர்சாதனம் உள்ள எந்த இடத்துக்குப் போனாலும் பல் கிட்டிக்கும். சுங்கை சிப்புட்டில் நின்று கோலாலம்பூர் போகும் இ.டி.எஸ். விரைவு ரயிலில் மூன்று மணி நேரம் சால்வை இல்லாமல் உட்கார முடியாது. விரைவு பஸ்ஸும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு இங்கே எல்லா இனத்தவரும் தொப்பியும் காலுறையும் போடுவார்கள். பருத்தியில் பின்னிக் கொடுத்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள். இவை சின்ன வேலைகள். என் கையில் இப்போது இருக்கும் பெரிய வேலையைச் சொல்கிறேன்.

என் மாமியார் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர். முப்பது ஆண்டுகள். இருட்டோடு எழுந்து, சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கோடு தோட்டத்துக்குள் போவார். விடியற்காலையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். இந்த ஊர், மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி மாமியார் இன்றும் பெருமையாகப் பேசுவார். அவர் வெட்டிய மரங்கள் இன்று இல்லை. அங்கே செம்பனை (பாமாயில் மரம்) நிற்கிறது. உங்கள் கணவர் வேலை பார்க்கப்போகும் ஆலைக்குப் பழம் அங்கிருந்தும் வரலாம்.

அந்த மாமியாருக்கு நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி ஐந்து ஆண்டுகளாகின்றன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. இடது முன்கையில் அறுவை செய்து இரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால், தையல் இயந்திரம் ஓடும் மேசையில் கை வைத்தது போல ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். அங்கேதான் இரண்டு ஊசிகளைக் குத்துவார்கள். உடம்பின் இரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்புவதால் குளிர் எடுக்கும், அறையிலோ குளிர்சாதனம். போர்வை போர்த்தினால் கையும் மூடிக்கொள்ளும். கை எப்போதும் கண்ணில் பட வேண்டும், ஊசி நழுவினால் உடனே தெரிய வேண்டும் என்று தாதிகள் (நர்ஸ்கள்) போர்வையை விலக்குவார்கள். மாமியார் நான்கு மணி நேரமும் நடுங்குவார்.

அதற்காக ஒரு முன்திறப்புச் சட்டை பின்னினேன். வலது கை வழக்கம் போல. இடது கையை மட்டும் தோள் முதல் மணிக்கட்டு வரை தைக்காமல் திறந்து விட்டு, ஓரத்தில் ஐந்து கண்ணிக்குக் கரை போட்டு, ஒன்பது பொத்தான் வைத்தேன். வீட்டிலிருந்து போகும்போது எல்லாவற்றையும் பூட்டிக்கொள்ளலாம்; அங்கே போய் முழங்கைக்குக் கீழே திறந்துவிட்டால் மேற்கையும் தோளும் மார்பும் மூடியிருக்கும். 4 மில்லிமீட்டர் ஊசி, முதுகுக்கு 100 கண்ணி, மொத்தம் ஒன்பது உருண்டை. கம்பளியில் இதைச் செய்ய முடியாது: வாரம் இரண்டு மூன்று முறை துவைக்கும் இயந்திரத்துக்குள் போவதால் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

முதலாவதை வெளிர் நீலத்தில் பின்னினேன். இரண்டாம் வாரமே அயோடின் கறை பட்டது, போகவே இல்லை. அடுத்ததற்குக் கரும்பச்சை எடுத்தேன். அதைப் பார்த்த தாதி ஒருவர், திறந்திருக்கும் கையோரக் கரையை மட்டும் வெளிர் நிறத்தில் பின்னச் சொன்னார். இரத்தம் கசிந்தால் கரும்பச்சையில் தெரியாது, வெள்ளையில் தெரியும். எனக்குத் தோன்றாத விஷயம் அது. அன்றிலிருந்து உடல் கருநிறம், கரை வெண்மை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். சீனப் பாட்டி ஒருவருக்கு, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவருக்கு என்று போய், இப்போது ஊசியில் இருப்பது ஏழாவது. இன்னும் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் கூலி வாங்குவதில்லை; சிலர் நூலை வாங்கித் தந்துவிடுவார்கள். பின்னி முடித்ததை முதலில் மாமியார் கையில்தான் கொடுப்பேன். கரை எங்கே கோணியிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். முப்பது ஆண்டுகள் பட்டையை ஒரே சாய்வில் சீவிய கண் அது. அவர் சரி என்று சொல்லும்வரை பிரித்துப் பின்னுவேன்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்து வருபவர்கள் தனி அனுமதியில்லாமல் இங்கே சம்பாதிக்கக் கூடாது. குடிநுழைவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும்வரை, இரவுச் சந்தையில் கடை போடுவது, இணையத்தில் விற்பது எதிலும் இறங்காதீர்கள். கணவரின் அனுமதிக்கே இடையூறு வரலாம். பிறர் "இதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொல்வதைக் கேட்காதீர்கள்.

பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை வேண்டாம். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை என்பது போல) குரோஷேயில் கெட்டிக்காரர். நான் வந்த புதிதில் வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தன் கொக்கி ஊசியோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு மலாய் ஒரு சொல் தெரியாது. அவர் என் கண்ணிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்: சாத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா. நானும் கூடவே எண்ணினேன். ஒரு வாரத்தில் நூறுவரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறங்கள், அதற்குப் பிறகு "இழு", "விடு", "பிரித்துவிடு". சந்தையில் பேரம் பேசும் மலாய் எனக்கு அந்த வாசலில் வந்ததுதான். மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் நீங்களும் வாசலில் உட்காருங்கள். உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே தனியாகப் பின்னினால் ஊர் ஏக்கம்தான் கூடும். முதல் ஆண்டு நான் அதைச் செய்து அழுதிருக்கிறேன்.

வரும்போது எனக்காக ஒன்று கொண்டு வர முடியுமா? கோவையில் தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான் கிடைக்கும். இங்கே கிடைக்கும் உலோகப் பொத்தான் துருப்பிடிக்கிறது. பிரஸ் பட்டனை நோயாளிகளால் அழுத்த முடிவதில்லை. நான்கு துளை உள்ளதாக, ஓர் அங்குல அகலத்தில் வேண்டும். விரல் மரத்துப் போனவர்களும் பிடிக்கக்கூடிய அளவு அதுதான். நான்கு சட்டைக்கு ஒன்பது வீதம் மூன்று டஜன். பணம் உங்கள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன். ஏழாவது சட்டைக்கு இடது கை மட்டும் பாக்கி. நீங்கள் வந்து சேர்வதற்குள் அதை முடித்து வைத்திருப்பேன். பொத்தானை இருவரும் உட்கார்ந்து தைத்துவிடலாம்.