பில்லில் நான்கு பிளக், இன்ஜினில் பழைய தூசி

கேள்வி: என் பெட்ரோல் காரை டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்தேன். ஆயில், ஆயில் ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றியதாகவும், த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) சுத்தம் செய்ததாகவும் பில் போட்டிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் தூசி அப்படியே கிடக்கிறது. வேலையே செய்யாமல் பணம் வாங்கிவிட்டார்களா?

பதில்: தூசி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் அதன் மேல் தூசி கலையாமலேயே இருக்கும். சர்வீஸ் என்றால் இன்ஜினைத் துடைத்துத் தரவேண்டும் என்றும் இல்லை.

பிளக்தான் இதில் நல்ல சாட்சி. இப்போதைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கு மேலும், அதன் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஓர் இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றாமல் பிளக்கைத் தொடவே முடியாது. ஸ்பேனர் பட்ட போல்ட் தலையில் அழுக்கு உதிர்ந்து, விளிம்பு லேசாகப் பளபளக்கும். நான்கு போல்ட்டையும் சுற்றி அழுக்கு இறுகிப்போய்க் கிடந்தால் சந்தேகம் நியாயம்தான். உறுதியாகத் தெரிய, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு உங்கள் கண் முன்னால் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். புதிய பிளக்கில், தீப்பொறி பறக்கும் எலக்ட்ரோடின் முனை கூர்மையாக இருக்கும். நெடுநாள் ஓடியதில் முனை மழுங்கி, பீங்கான் நுனி பழுப்பேறியிருக்கும். பிளக்கின் மேல் அச்சடித்த எண் பில்லில் உள்ள ரகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். விலை கூடிய இரிடியம் பிளக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு சாதாரண பிளக்கைப் போடுவதும் நடக்கக்கூடியதே.

ஆயில் விஷயத்தில் நிதானம் வேண்டும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) துடைத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டர் வரை தேன் நிறத்தில் இருக்கும். (டீசல் என்றால் மாற்றிய அன்றே கறுத்துவிடும், அங்கே நிறம் பார்ப்பது வீண்.) பழைய ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் டிரெயின் போல்ட் தொடப்படவில்லை என்பதும் ஆதாரமாகாது. சில இடங்களில் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே ஆயிலை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆனால் ஃபில்டரை உறிஞ்ச முடியாதே! அது பழசாக, துரு ஏறித் தெரிந்தால் கேளுங்கள்.

த்ராட்டில் பாடிக்கு, ஏர் குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் தகட்டின் ஓரத்தில் கரி வளையம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாளானால் மறுபடி கரி படியும், அதனால் உடனே பார்த்தால்தான் பயன்.

எடுத்த எடுப்பில் "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று போய் நிற்காதீர்கள். போட்டோக்களோடு சர்வீஸ் மேனேஜரைப் பார்த்து, ஜாப் கார்டையும் (வண்டியில் செய்யும் வேலைகளை எழுதும் அட்டை), ஸ்டோரிலிருந்து பார்ட்ஸ் எடுத்த பதிவையும் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் பழைய பிளக்குகள் எங்கே என்று கேளுங்கள். "தூக்கிப் போட்டுவிட்டோம்" என்பதுதான் வழக்கமான பதில், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே அடுத்த முறை வண்டியை விடும்போதே "பழைய பார்ட்ஸ் திரும்ப வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுத வைத்துவிடுங்கள். முந்தின நாள் பெயின்ட் மார்க்கரால் ஃபில்டரில் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு காயில் போல்ட்டிலும், தலையிலிருந்து அது உட்காரும் இடம் வரை சேர்த்து ஒரு கோடு இழுங்கள். கழற்றி மாட்டிய போல்ட்டில் அந்தக் கோடு பழையபடி நேராகச் சேர்வது அபூர்வம்.